பூட்டு எதைக் காக்கிறது? குழூஉக்குறி முதல் இணையத்தளப் பாதுகாப்பு வரை



ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சிராங்கூன் சாலை ஓரத்தில் ஊழியர்கள் கூட்டமாக நிற்பார்கள். சிலர் பணமாற்றுக் கடை வரிசையில் இருப்பார்கள். இன்னும் சிலர் நின்ற இடத்திலேயே கைப்பேசியைத் தட்டி ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். பெயர், வேலை அனுமதி எண், வங்கிக் கணக்கு எண், மறைச்சொல் எல்லாமே சில விநாடிகளில் கிளம்பிவிடும்.

கிளம்பிய தகவல் நேராக வங்கிக்குப் போய்ச் சேர்வதில்லை. தொலைபேசிக் கோபுரம், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கருவிகள், சில வேளை கடலடி வடம் என்று பல கைகள் மாறித்தான் போகிறது. அப்படியே திறந்தபடி போனால் அது தபால் அட்டை மாதிரி. வழியில் யார் கையில் எடுத்தாலும் படிக்கலாம். படிக்க முடியாமல் செய்வதுதான் மறைக்குறியாக்கம். அனுப்பும் செய்தியைக் கணக்கின் மூலம் உருமாற்றி, உரிய சாவி இருப்பவர் மட்டும் திரும்பப் படிக்கும்படி ஆக்குவது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இது எப்படி வந்தது, சிங்கப்பூரில் எப்போது வந்தது, எங்கே உதவியது, எங்கே உதவவில்லை என்பதை வரிசையாகப் பார்ப்போம். ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூட்டு வழியைத்தான் காக்கிறது. வழியின் முடிவில் இருக்கும் வீட்டைக் காப்பது வேறு வேலை. நம் ஊர் வரலாறே இதற்குச் சாட்சி.

நம் இலக்கணத்தில் ஒரு தொடக்கம்

மறைத்துப் பேசுவது தமிழுக்குப் புதிதில்லை. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு தொழிலைச் செய்யும் குழுவினர் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். இலக்கண வகுப்பில் நாம் எல்லாரும் படித்த எடுத்துக்காட்டுகள்தாம் இவை. கடைக்கு வந்த வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்றாலும், கொல்லர்கள் பேசிக்கொள்வது அவர் காதில் விழும், கருத்தில் ஏறாது.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் இன்னொரு முறை உண்டு. விற்பவரும் தரகரும் கையைச் சேர்த்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் இரண்டு பேர் பேரம் பேசுவது தெரியும். என்ன விலை என்பது மட்டும் தெரியாது. இந்தத் துண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குட்டி இந்தியாவும் ஒரு காலத்தில் மாட்டு வணிகம் நடந்த இடம்தான். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். அந்த வட்டாரப் பெயரைத்தான் 'கேகே' என்று நாம் சுருக்கிச் சொல்லும் மகளிர், சிறார் மருத்துவமனை இன்றும் தாங்கி நிற்கிறது. நம்மில் பலர் பிறந்த இடம் அது. அதன் பெயரும் இந்த வரலாற்றில் மீண்டும் வரும்.

சாவியை எப்படிக் கொடுப்பது?

குழூஉக்குறியில் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வருகிறது. எழுத்துக்குப் பதில் எழுத்தை மாற்றினால் அது மறைக்குறியாக்கத்தின் மிகப் பழைய வடிவம். ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதினார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. தமிழில் செய்து பார்ப்போமா? வல்லின வரிசை க, ச, ட, த, ப, ற. ஒவ்வோர் எழுத்தையும் ஓரிடம் தள்ளுங்கள். 'படகு' என்பது 'றதசு' ஆகிவிடும். 'ஓரிடம் தள்ளு' என்பதுதான் சாவி. சாவி தெரிந்தவர் ஓரிடம் பின்னால் வந்து 'படகு' என்று படித்துக்கொள்வார்.

இந்த வகைப் பூட்டை உடைப்பது எளிது. ஒரு மொழியில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்தே மறைசெய்தியைப் படித்துவிடலாம் என்பதை 9ஆம் நூற்றாண்டிலேயே அல் கிந்தி என்ற அரபு அறிஞர் எழுதிவைத்தார். அதன்பிறகு பூட்டுகள் கடினமாகிக்கொண்டே வந்தன. ஆனால் ஒரு சிக்கல் மட்டும் தீரவே இல்லை. செய்தி அனுப்புவதற்கு முன்பே இருவர் கையிலும் ஒரே சாவி இருக்க வேண்டும். அதைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அல்லது இருவரும் நேரில் சந்திக்க வேண்டும்.

அரசர்களுக்கும் படைகளுக்கும் தூதர்கள் இருந்தார்கள். கொல்லர்கள் ஒரே பட்டறையில் வளர்ந்தவர்கள். உங்களுக்கும் உங்கள் வங்கியின் கணினிக்கும் அப்படி என்ன பழக்கம்? முன்பின் பார்த்திராத இருவர், ஊரே ஒட்டுக்கேட்கும் பாதையில் பேசித்தான் தங்களுக்குள் ஓர் இரகசியத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இது நடக்கவே நடக்காது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள்.

1976: நடக்காதது நடந்தது

1976ஆம் ஆண்டு விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரால்ஃப் மெர்கல் என்ற மாணவரும் இதே பாதையில் தனியாகச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுரையின் கருத்தை விளக்க நம் மசாலா அரைக்கும் ஆலையே போதும். மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் சேர்த்து அரைப்பது எளிது. அரைத்த தூளிலிருந்து மல்லியைத் தனியாகப் பிரிக்க முடியுமா? கணிதத்திலும் அப்படிச் சில வேலைகள் உண்டு. முன்னால் போவது எளிது, திரும்பி வருவது மிகக் கடினம்.

சிறிய எண்களில் செய்து பார்க்கலாம், தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முத்து, செல்வி என்று இருவர். 2, 11 என்ற இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். முத்து மனத்துக்குள் 3 என்று நினைக்கிறார். மூன்று 2களைப் பெருக்கினால் 8. அதை 11ஆல் வகுத்தால் மீதியும் 8. அந்த 8ஐச் செல்விக்குச் சத்தமாகச் சொல்கிறார். செல்வி மனத்துக்குள் 4 என்று நினைக்கிறார். நான்கு 2களைப் பெருக்கினால் 16. 11ஆல் வகுத்தால் மீதி 5. அந்த 5ஐ முத்துவுக்குச் சத்தமாகச் சொல்கிறார்.

இப்போது முத்து தனக்கு வந்த 5ஐத் தன் இரகசிய எண்ணின்படி மூன்று முறை எழுதிப் பெருக்குகிறார். 5 × 5 × 5 = 125; மீதி 4. செல்வி தனக்கு வந்த 8ஐ நான்கு முறை எழுதிப் பெருக்குகிறார். 8 × 8 × 8 × 8 = 4096; மீதி 4. இருவர் கையிலும் 4 என்ற ஒரே எண்! அந்த 4ஐ யாருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர் காதில் விழுந்தவை 2, 11, 8, 5 மட்டும்தான். எண்கள் சிறியவை என்பதால் அவர் கொஞ்சம் முயன்றால் கண்டுபிடித்துவிடுவார். நிஜத்தில் 11க்குப் பதிலாகப் பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பயன்படுத்துவார்கள். அப்போது பின்னோக்கிப் போவது இன்றைய கணினிகளுக்கும் முடியாத காரியம்.

அடுத்த ஆண்டு, 1977இல், ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்ற மூவர் வேறொரு வழி கண்டார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் அது ஆர்எஸ்ஏ எனப்படுகிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கிய விடையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம் என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டு 129 இலக்கம் கொண்ட ஓர் எண்ணை வெளியிட்டு 'பிரித்துக் காட்டுங்கள்' என்று சவால் விட்டார்கள். உலகெங்கும் சுமார் 600 தொண்டூழியர்கள் தங்கள் கணினிகளைச் சேர்த்து அதைப் பிரித்தது 1994இல். 17 ஆண்டு ஆனது.

ஒரு சுவையான செய்தி: பிரிட்டிஷ் உளவு அமைப்பில் பணியாற்றிய எல்லிஸ், காக்ஸ், வில்லியம்சன் ஆகியோர் 1970 முதல் 1974க்குள் இதே கருத்துகளைக் கண்டறிந்திருந்தார்கள். வெளியே சொல்ல அனுமதி இல்லை. 1997 டிசம்பரில்தான் உலகுக்குத் தெரிந்தது.

இணையமும் தமிழும் பூட்டும் ஒன்றாக வந்த காலம்

சிங்கப்பூரில் பொதுமக்களுக்கான முதல் வணிக இணையச் சேவையை 1994இல் சிங்நெட் தொடங்கியது. ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியில் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு முறையைச் சேர்த்தது. டிஃபி, ஹெல்மன், ஆர்எஸ்ஏ குழுவினர் கண்ட கணக்குகளைச் சாதாரண மக்கள் கையில் கொண்டுவந்து வைத்தது அதுதான். இணைய முகவரியில் எச்டிடிபி என்பதோடு கடைசியில் ஓர் 'எஸ்' சேர்ந்தது அப்போதிலிருந்துதான்.

தொடக்கக் காலப் பூட்டு நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வலுவான மறைக்குறியாக்கத்தை அமெரிக்கா ஆயுத ஏற்றுமதி போலக் கட்டுப்படுத்தியது. வெளிநாடுகளுக்குப் போன உலாவியில் 40 பிட் சாவிதான் இருந்தது. அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி சாவிகளில் ஒன்று. கேட்கப் பெரிதாகத் தெரிகிறதல்லவா? 1995இல் பிரான்சில் டேமியன் டோலிகெஸ் என்ற ஆய்வு மாணவர் நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளை ஓடவிட்டு எட்டே நாளில் அதை உடைத்துக் காட்டினார். இந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டில்தான் பெரிதும் தளர்ந்தது. இன்று பயன்படும் 128 பிட் சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும்.

அந்த ஆண்டுகள் தமிழுக்கும் முக்கியமானவை. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழும் இடம்பெற்றது. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி, தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ போன்றோரின் உழைப்பு அது. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 கருத்தரங்கு சிங்கப்பூரில் நடந்தது.

இங்கே மாணவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. அந்தக் காலத்தில் ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பிய தமிழ், அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். பார்த்தால் மறைசெய்தி மாதிரியே இருக்கும். ஆனால் அது மறைக்குறியாக்கம் அல்ல, எழுத்துக் குறியாக்கம். எந்த எழுத்துக்கு எந்த எண் என்கிற ஏற்பாடு மட்டும்தான் அது. அந்த எழுத்துரு கிடைத்த எவரும் படிக்கலாம், இரகசியச் சாவி எதுவும் கிடையாது. குறியாக்கத்தின் நோக்கம் எல்லாரும் படிப்பது. மறைக்குறியாக்கத்தின் நோக்கம் ஒருவர் மட்டும் படிப்பது. முன்னொட்டு ஒன்றுதான் வேறுபாடு, பொருளோ நேர் எதிர்.

அரசாங்கமும் அப்போதே வேலையைத் தொடங்கியது. 1997இல் நெட்ரஸ்ட் என்ற சான்றளிப்பு நிறுவனம் ஏற்பட்டது. 1998இல் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் வந்து, மின்னியல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்புக் கொடுத்தது. உலகில் இப்படிச் சட்டம் இயற்றிய முதல் சில நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 2003இல் சிங்பாஸ் வந்தது.

நீங்கள் பொத்தானை அழுத்தும்போது

சான்றளிப்பு எதற்கு? மேலே பார்த்த முத்து, செல்வி கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. முத்து பேசிக்கொண்டிருப்பது செல்வியிடம்தானா? நடுவில் ஒருவர் புகுந்து 'நான்தான் செல்வி' என்று சொன்னால், முத்து அவரோடு மிகப் பாதுகாப்பாக இரகசியம் பேசிக்கொண்டிருப்பார்!

அதனால் இன்று ஒரு தளத்தைத் திறந்ததும் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவதாக, தளத்தின் கணினி ஒரு சான்றிதழைக் காட்டும். 'இந்த முகவரிக்கு உரியவர் இவர்தான்' என்று நம்பகமான ஒரு நிறுவனம் மின்னியல் கையொப்பம் இட்ட சான்றிதழ் அது. உங்கள் உலாவி அதைச் சரிபார்க்கும். அடுத்து, டிஃபி, ஹெல்மன் வழியில் இருவரும் ஒரு புதிய சாவியை உருவாக்கிக்கொள்வார்கள். கடைசியாக, அந்தச் சாவியைக் கொண்டு நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் மறைக்கப்பட்டுப் போகும். வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் மறுமுனைக்குத் தெரிந்துவிடும். இத்தனையும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அந்தச் சாவியும் அந்த உரையாடலுக்கு மட்டும்தான்.

வழியில் நிற்பவருக்கு என்ன தெரியும்? மாட்டுச் சந்தைத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தத் தளத்தோடு பேசுகிறீர்கள் என்பது பொதுவாகத் தெரியும். எவ்வளவு நேரம், ஏறக்குறைய எவ்வளவு தகவல் என்பதும் தெரியும். என்ன பேசினீர்கள் என்பது தெரியாது.

நெடுங்காலம் இந்தப் பூட்டை வங்கிகளும் கடைகளும் பணம் செலுத்தும் பக்கத்தில் மட்டும் போட்டன. மற்றவை திறந்தே கிடந்தன. சிங்கப்பூரில் 2006இல் பொது இடங்களில் இலவசக் கம்பியில்லா இணையம் வந்தது. காப்பிக்கடையில் உட்கார்ந்தே மின்னஞ்சல் பார்த்தோம். 2010இல் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள் வெளியானது. பொது இணைப்பில் பக்கத்து மேசைக்காரரின் சமூக ஊடகக் கணக்குக்குள் எவ்வளவு எளிதாக நுழையலாம் என்பதை அது காட்டியது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அரசுகளின் கண்காணிப்பு எவ்வளவு பரந்தது என்று உலகுக்குச் சொல்லின. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழ்களை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலை மாதம், கூகல் குரோம் உலாவி பூட்டில்லாத எல்லாத் தளங்களையும் 'பாதுகாப்பற்றது' என்று குறிக்கத் தொடங்கியது. வழியைப் பூட்டுவது வழக்கமாகிவிட்டது.

அதே 2018 ஜூலையில்

அதே மாதம், ஜூலை 20ஆம் தேதி, சிங்கப்பூர் ஓர் அதிர்ச்சிச் செய்தியைக் கேட்டது. சிங்ஹெல்த் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் தகவல்கள் திருடுபோயிருந்தன. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி ஆகியவை போயின. சுமார் 160,000 பேருக்கு, வாங்கிய மருந்துகளின் விவரமும் சேர்ந்தே போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் அடக்கம்.

2015 மே 1 முதல் 2018 ஜூலை 4 வரை சிங்ஹெல்த்தின் சிறப்பு வெளிநோயாளி மருந்தகங்களுக்கும் பலதுறை மருந்தகங்களுக்கும் போனவர்கள் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். கேகே மருத்துவமனையும் சிங்ஹெல்த் குழுமத்தைச் சேர்ந்ததுதான். எருமைத் தொழுவத்தின் பெயரைத் தாங்கிய அந்த மருத்துவமனையை நம்பிப் போன தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் யாரும் தகவலை அலட்சியமாகத் தெருவில் போட்டவர்கள் அல்லர். பதிவு மேசையில் கேட்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஊடுருவியவர்கள் வழியில் நின்று ஒட்டுக்கேட்கவில்லை. 2017 ஆகஸ்டு வாக்கிலேயே உள்ளே இருந்த ஒரு கணினியைப் பிடித்துவிட்டார்கள். அங்கிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, உரிமை உள்ளவரைப் போலவே தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டுப் பதிலை வாங்கிக்கொண்டார்கள். ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை தகவல் வெளியேறியது. தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான நடமாட்டத்தைக் கவனித்த பிறகுதான் அது நின்றது.

ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான உயர்நிலை விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. 16 பரிந்துரைகள். ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாதது, கண்ணில் பட்ட அறிகுறிகளை உடனே மேலே சொல்லாதது, தெரிந்த ஓட்டைகளை அடைக்காதது என்று பலவற்றை அது சுட்டிக்காட்டியது. ஒரு நிர்வாகக் கணக்கின் மறைச்சொல், 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லிலேயே ஓரிரு எழுத்துகளை மாற்றி எழுதியதாக இருந்தது! வழியில் 39 இலக்கப் பூட்டு, வீட்டுக்குள்ளே இப்படி ஒரு தாழ்ப்பாள். தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஐஎச்ஐஎஸ் எனும் சுகாதாரத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது.

அதே ஜனவரி மாதம் இன்னொரு செய்தியும் வந்தது. எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தன. உள்ளே இருந்து பார்க்க உரிமை பெற்றிருந்தவர் வழியாக வெளியே போன தகவல் அது. எந்தக் கணக்குப் பூட்டும் அதைத் தடுத்திருக்காது. வேலை போகுமோ, உறவு முறியுமோ என்று அஞ்சி வாழ்ந்தவர்களின் பெயர்கள் அவை என்பதை மறக்கக்கூடாது.

பூட்டு இருக்கிறது, மறுமுனையில் யார்?

மூன்றாவது வகைச் சிக்கல் 2021 டிசம்பரில் பெரிதாக வெடித்தது. ஓசிபிசி வங்கி அனுப்பியது போலவே குறுஞ்செய்திகள் வந்தன. உண்மையான வங்கிச் செய்திகள் வரும் அதே வரிசையிலேயே அவை வந்ததால் மக்கள் நம்பினார்கள். இணைப்பைத் தட்டிப் போலித் தளத்தில் விவரங்களைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 790 வாடிக்கையாளர்கள் இழந்தது மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி. வங்கி பின்னர் அந்தத் தொகையை நல்லெண்ண அடிப்படையில் திருப்பிக் கொடுத்தது. அதன்பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின.

போலித் தளமும் சான்றிதழ் வாங்கலாம் என்பதை மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சான்றிதழ் 'இந்த முகவரி இவருடையது' என்று மட்டுமே சொல்லும். 'இவர் நல்லவர்' என்று அது சொல்வதில்லை. பூட்டுப் படத்தைப் பார்த்தாலே தளம் நம்பகமானது என்று பலர் நினைத்தார்கள். 2021இல் கூகல் நடத்திய ஆய்வில் அந்தப் படத்தின் சரியான பொருளை அறிந்தவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. 2023இல் குரோம் உலாவி அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. எனவே முகவரியைப் படியுங்கள். அரசாங்கத் தளம் என்றால் முகவரி 'ஜிஓவி.எஸ்ஜி' என்று முடிகிறதா பாருங்கள். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தட்டாமல் நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள்.

கணக்கு முடியும் இடத்தில் சட்டம்

வீட்டுக்குள் போன தகவலைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. தேவைக்கு மேல் தகவல் கேட்கக்கூடாது, சொன்ன காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், பாதுகாக்க நியாயமான ஏற்பாடு வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது என்று தனியார் அமைப்புகளுக்கு அது சொல்கிறது. அரசாங்க அமைப்புகளுக்குத் தனிச் சட்டமும் விதிகளும் உண்டு. 2021 முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால் ஆணையத்துக்கு அறிவிப்பது கட்டாயம்.

2019 செப்டம்பர் முதல், சட்டம் கோராத நிலையில் அல்லது அடையாளத்தை மிக உறுதியாக நிலைநாட்டத் தேவையில்லாத நிலையில், தனியார் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக்கூடாது. ஆனால் 2024 டிசம்பரில் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் முழு எண்களும் தேடலில் தெரிந்தன. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அப்போது நடந்த விவாதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அடையாள எண் ஒரு பெயர் போன்றது, அது சாவி அல்ல. பலருக்கும் தெரியக்கூடிய எண்ணை மறைச்சொல்லாக வைப்பது, வாசற்கதவில் எழுதிய பெயரையே பூட்டுக்கும் சாவியாக்குவது போன்றது.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

ஆசிரியர்களாகிய நாமும் தகவல் வைத்திருப்பவர்கள்தாம். மாணவர் பெயர்ப் பட்டியல், பெற்றோர் கைப்பேசி எண், மதிப்பெண், சில வேளை ஒரு பிள்ளையின் உடல்நலக் குறிப்பு ஆகியவை நம் கையில் இருக்கின்றன. கற்றல் தளத்துக்கு அவை பூட்டிய பாதையில் போகின்றன என்பது நல்ல செய்தி. பதிவிறக்கம் செய்து மேசைக் கணினியில் விட்ட கோப்பு, குழு உரையாடலில் தவறிப்போய்ப் பகிர்ந்த பட்டியல், பலர் பயன்படுத்தும் ஒரே மறைச்சொல் இவற்றுக்கெல்லாம் டிஃபியும் ஹெல்மனும் பொறுப்பேற்க மாட்டார்கள். அங்கே நாம்தான் துண்டு.

தேக்காவில் நிற்கும் அந்த ஊழியரின் பணம் வழியில் திருடுபோகாமல் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குக் கணிதம் பெரிய உதவி செய்கிறது. அவருடைய கடப்பிதழ் நகலை ஓர் இழுப்பறையில் பூட்டாமல் போட்டிருக்கும் முகவருக்கும், 'உங்கள் வேலை அனுமதி ரத்தாகும்' என்று மிரட்டும் குறுஞ்செய்திக்கும் எதிராக அவருக்கு வேண்டியது விழிப்புணர்வு, சட்டம், உடனிருப்போரின் துணை. நம் மாணவர்கள் தாத்தா பாட்டிக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல முடிந்தால், அது வாய்மொழித் தேர்வுக்குத் தயாராவதை விடவும் பெரிய பயன்.

கட்டுரை, கருத்துரைப்புப் பயிற்சிக்குச் சில வினாக்கள்:

1. குழூஉக்குறிக்கும் மறைக்குறியாக்கத்துக்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.

2. எழுத்துக் குறியாக்கம், மறைக்குறியாக்கம் இவற்றின் நோக்கங்களை வேறுபடுத்துக.

3. முத்துவின் இரகசிய எண் 3க்குப் பதிலாக 6 எனில், இருவருக்கும் கிடைக்கும் பொது எண் என்ன? (செல்வியின் எண் 4 ஆகவே இருக்கட்டும். விடை: 5)

4. 'பூட்டு உள்ள தளம் எல்லாம் நம்பத்தக்க தளமே.' இக்கருத்தை 2018, 2021 நிகழ்வுகளில் பொருத்தமானதைக் கொண்டு மறுத்து எழுதுக. எந்த நிகழ்வு பொருந்தாது, ஏன் என்பதையும் கூறுக.

நான்காவது வினாவில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2018இல் மக்கள் தகவல் கொடுத்த இடம் உண்மையான இடம்தான், காவல்தான் தவறியது. 2021இல் கொடுத்த இடமே போலி. இரண்டையும் ஒன்றாக்காமல் எழுதுகிற மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.